இடது பின்சக்கரம்

வராதாம். காலையிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் அந்த டிரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ணங் என்றால் வராது, ணங் ணங் என்றால் வரவே வராது. நாச்சிமுத்து சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, சாக்கின் மேல் மடங்கிக் கிடந்த வலது முட்டியைக் கையால் தூக்கி நீட்டிவிட்டார். மணி பதினொன்று. ஏழு மணிக்கு ஆரம்பித்த வேலை. காரின் இடது பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது அது சுற்றவில்லை. சரி, உள்ளே பிரேக் கட்டை டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஐந்து மாசம் நின்ற வண்டி, கோடை மழை சாய்த்துச் சாய்த்து அடித்திருக்கிறது, இதெல்லாம் சகஜம், டிரம்மைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டால் ஒன்பது மணிக்கு இட்லி, என்றுதான் நினைத்திருந்தார். சக்கரம் கழன்றது. நடுவிலிருந்த பெரிய நட்டும் கழன்றது. பிரேக் கட்டைகளை மூடியிருக்கிற டிரம் என்கிற இந்த இரும்புக் கிண்ணம், சோறு வடிக்கிற சட்டி அளவுகூட இல்லாத இந்தச் சனியன், இது மட்டும் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தது. அட, யாரிடம் காட்டுகிறாய் உன் முறுக்கை? முப்பத்தோரு வருஷம் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவு வாத்தியார். இந்தக் கோயமுத்தூரில் ஸ்பேனர் பிடிக்கிற கைகளில் பாதி, அவர் ஸ்கேலால் தட்டித் திருத்திய கைகள். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. பேத்தி மிருதுளா இரண்டாம் வகுப்பு போகிறாள், போன வருஷம் வந்த வேன்காரன் இந்த வருஷம் வரமாட்டேன் என்றுவிட்டான். மகள் கோகிலா பொள்ளாச்சிக் கல்லூரிக்கு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவள், மருமகனுக்கு எட்டு மணிக்கெல்லாம் கிளினிக். ஆட்டோ பேசிவிடலாம் என்றார்கள். ஆட்டோவாம்! வீட்டில் கார் இருக்கிறது, காரைப் பெற்றெடுத்த ஆள் மாதிரி ஒருத்தன் இருக்கிறான், பேத்திக்கு ஆட்டோவாம். அவர் கத்தின கத்தலில் கோகிலா இறங்கி வந்தாள். "சரிங்கப்பா. ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள வண்டி ஓடுச்சுன்னா நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஓடலைன்னா ஆட்டோதான். அப்பறம் வண்டியையும் யாருக்காவது குடுத்தரலாம்." குடுத்தரலாமாம். வாய்க்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். வண்டியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவர் யார்? கேட் திறந்துவிடுகிற ஆள். பால் பாக்கெட் எடுத்து வைக்கிற ஆள். அவ்வளவுதான்.

முதலில் எட்டு மணிக்கு வந்தான் மருமகன் பூபதி. லுங்கியும் வெள்ளை பனியனுமாக, கையில் காபி டம்ளரோடு, வேடிக்கை பார்க்க. பல் டாக்டர். ஊரில் எத்தனை டாக்டர் இருக்கிறார்கள், நெஞ்சு பார்க்கிறவன், எலும்பு பார்க்கிறவன், அவருக்கென்று வாய்த்தவன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறவன். நாச்சிமுத்துவின் மனைவி செல்லாத்தாள் போன பிறகு, அப்பா தனியாக இருக்கிறார் என்று மகளும் மருமகனும் பெட்டி படுக்கையோடு வந்து மாடியில் ஏறிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டோட மாப்பிள்ளை. கேட்டால் அவருக்காக வந்தார்களாம். மருமகனை அவர் ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசினதில்லை, வாங்க போங்கதான், மனசுக்குள் மட்டும் அவன் இவன். "மாமா, ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்று ஆரம்பித்தான். இவன் சொல்லி அவர் கேட்கிற காலம் வந்துவிட்டது பார். "சொல்லுங்க மாப்ள, பல்லு புடுங்கறதப் பத்தின்னா சொல்லுங்க. இதப் பத்தின்னா வேண்டாம்" என்றார், தலையைக்கூடத் தூக்காமல். பூபதி சிரித்தான். எதைச் சொன்னாலும் சிரிப்பான், அதுதான் அவரால் தாங்க முடியாதது, கோபப்படுகிறவனாக இருந்தாலாவது மனுஷனாக மதிக்கலாம். அந்தச் சிரிப்பை ஊசி போடுவதற்கு முன்னால் எல்லோருக்கும் காட்டுவான்போல. பத்து மணிக்கு மறுபடியும் வந்தான். "இல்லைங்க மாமா, உள்ள வந்து ஒரு தடவ..." "மாப்ள, நான் உங்க கிளினிக்குக்கு வந்து அந்தப் பல்ல இப்படிப் புடுங்கு அப்படிப் புடுங்குன்னு சொல்றனுங்களா?" போய்விட்டான். போகும்போது காரின் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். என்னத்தைக் கண்டானோ. சீட்டில் தூசி இருக்கிறதா என்று பார்த்திருப்பான், சுத்தக்காரன்.

அடுத்தது எதிர்வீட்டுக்காரர். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா நாய் அவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதா என்று யாரும் சொல்ல முடியாது. "என்னங் சார், ரிப்பேருங்களா?" என்றார். இல்லை, கல்யாண அலங்காரம் பண்ணுகிறேன். "மெக்கானிக்க வரச் சொன்னா வந்து பாத்துட்டுப் போறானுங்க" என்றார். மெக்கானிக்! இப்போது இருக்கிறவனையெல்லாம் மெக்கானிக் என்று சொன்னால் அந்த வார்த்தைக்கே கூச்சமாக இருக்கும். கையில் கிரீஸ் படாமல் வேலை பார்க்கிறவன். கம்ப்யூட்டரை மாட்டி, அது என்ன சொல்கிறதோ அதை அப்படியே திருப்பிச் சொல்கிறவன், கிளிஜோசியக்காரன் தேவலை. அவரிடம் படித்துவிட்டுப் போனவர்களே இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறார்கள், காலேஜ் ரோட்டில் ஒருத்தன் பெரிய கண்ணாடிக் கட்டடம் கட்டி டை கட்டி உட்கார்ந்திருக்கிறான், அவன் முதல் வருஷத்தில் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் முழித்த முழி இன்னும் அவர் கண்ணில் நிற்கிறது. எல்லாம் நினைவிருக்கிறது. அவன் பேர், அவன் உட்கார்ந்த பெஞ்சு, அவன் அப்பன் சைக்கிளில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்த நாள், எல்லாம். இவ்வளவு நினைவிருக்கிற மனுஷனைப் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்? துரு எண்ணெயை இன்னொரு தடவை டிரம்மின் விளிம்பில் ஊற்றினார். அது மண்ணெண்ணெய் வாசத்தோடு வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. ஊறட்டும். கடப்பாரை நுனியைப் பின்னால் கொடுத்து நெம்பினார். கார் ஜாக்கியின் மேல் லேசாக ஆடியது, டிரம் ஆடவில்லை. ஒரு நிமிஷம் காரின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார், தகரம் சுட்டது. எதிர்வீட்டு நாய் கேட்டுக்கு வெளியே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. போ அக்கட்ட, என்றார்.

இந்த வண்டி ஏன் ஐந்து மாசம் நின்றது என்று யாருக்கும் தெரியாது. கார்புரேட்டர் மக்கர் பண்ணுகிறது, சாமான் கிடைக்கவில்லை, என்று சொல்லி வைத்திருந்தார். கார்புரேட்டருக்கு ஒரு கேடும் இல்லை. பொங்கல் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கரும்புச் சக்கைகூட இன்னும் தெருவில் கிடந்தது, சிங்காநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தார். சிவப்பு மாறிப் பச்சை வந்தது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை. நாற்பது வருஷமாகத் திரும்புகிற சிக்னல். சைக்கிளில், ஸ்கூட்டரில், இந்தக் காரில், கண்ணைக் கட்டிவிட்டாலும் திரும்புவேன் என்கிற சிக்னல். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான், பக்கத்தில் ஸ்கூட்டியில் ஒரு பெண் "என்னாச்சுங் பெருசு?" என்று கேட்டுவிட்டுப் போனாள், பெருசு! இடது பக்கம் ஒரு பேக்கரி, வலது பக்கம் ஒரு நகைக்கடை, இரண்டும் எந்த ஊர்க் கடையோ என்று தோன்றியது. எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம் இருக்குமா? அப்புறம் யாரோ திரையை விலக்கினதுபோல எல்லாம் வந்துவிட்டது, வலது பக்கம், பாலத்துக்குக் கீழே, நேராக வீடு. வந்து போர்ட்டிகோவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு இறங்கினவர்தான். வெயில், பசி, சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கும், எவனுக்குத்தான் வராது? டாக்டரிடம் போக அவருக்கென்ன பைத்தியமா? வீட்டிலேயே ஒரு டாக்டர் இருக்கிறான், கடைவாய்ப் பல்லைப் பார்த்து மூளையைச் சொல்லிவிடுவான். ஐந்து மாசத்தில் இன்னொரு தடவை அப்படி ஆகவில்லை. ஆகவில்லைதானே? அரிசிக் கடைக்காரன், போன வாரம் வாங்கிய மூட்டையை மறுபடி கேட்கிறீர்களே என்றான், அவன் ஒரு திருட்டுப் பயல், அவன் சொல்வதையெல்லாம் எடுத்துக்கொள்ள முடியுமா? ஆக, வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். நாளைக்குக் காலையில் பேத்தியை உட்கார வைத்து, கியரைப் போட்டு, எதிர்வீட்டுக்காரர் பார்க்கப் பார்க்கக் கேட்டைத் தாண்ட வேண்டும். அதற்கு இந்த டிரம் வர வேண்டும். வா, என்று அடித்தார். வந்து தொலை.

தொலையவில்லை. பன்னிரண்டரைக்கு அடித்த அடி வழுக்கி இடது கை ஆள்காட்டி விரலில் விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது, உள்ளேயிருந்து மிருதுளா "தாத்தா என்ன சொன்னீங்க?" என்று கத்தினாள், "ஒண்ணுமில்ல கண்ணு, வண்டியத் திட்டறேன்" என்றார். சமையல்கட்டிலிருந்து கோகிலாவின் குரல், "அப்பா, போதுமுங்க. கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க. வரலைன்னா விட்டர்லாம்." விட்டர்லாம். அந்தக் குரலில் கோபமே இல்லை, பரிதாபம்தான் இருந்தது. பெற்ற மகளே இப்படிக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்கிற அளவுக்கு வந்தாகிவிட்டது. ஒரு இரும்புச் சட்டியிடம் தோற்றுவிட்டுப் போய் ரசம் சாதம் சாப்பிட வேண்டும். விரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, வெயில் போர்ட்டிகோவின் பாதி வரைக்கும் வந்துவிட்டது, முட்டி இனி மடங்காது என்றது. கட்டுப் போட ஏதாவது துணி கிடைக்குமா என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். திறந்தவருக்கு உட்கார வேண்டும்போல இருந்தது, உட்கார்ந்தார். சீட் சூடாக இருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்தார். இன்னொரு கை, யாரும் சொல்லாமல் தானாகவே, நாற்பது வருஷப் பழக்கத்தில், பக்கத்தில் இறங்கியது. இறங்கின கையில் ஹேண்ட்பிரேக் தட்டுப்பட்டது. தூக்கிக்கொண்டு நின்றது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் பின்சக்கரத்துக் கட்டைகள் இரண்டும் விரிந்து டிரம்மை உள்ளே இருந்து இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், சுத்தியல் என்ன, யானையைக் கட்டி இழுத்தாலும் வராது. அவரே வகுப்பில் பையன்களை நிற்க வைத்துக் கோரஸாகச் சொல்ல வைப்பார், முன்சக்கரத்துக்குக் கல், வண்டி கியரில், ஹேண்ட்பிரேக் கீழே. மறந்தவனை அன்றைக்கு முழுக்க வராண்டாவில் நிற்க வைப்பார். மடையா, உனக்கெல்லாம் எதுக்குடா ஸ்பேனர், போய் மாடு மேய். அந்த மடையன். அதுவும் ஐந்தரை மணி நேரம். ஆனால் இறக்கினாரே! காலையில் முதல் வேலையாக இறக்கினாரே! கண் முன்னால் நிற்கிறது, பட்டனை அமுக்கினது, லீவர் க்ளிக் என்று இறங்கினது, கார் ஒரு விரற்கடை பின்னால் போய்க் கல்லில் முட்டி நின்றது, அப்போது உள்ளேயிருந்து "ஏனுங், காபி ஆறிப் போகுதுங்" என்று கூப்பிட்டதுகூட... நாச்சிமுத்துவின் நினைப்பு அங்கே நின்றுவிட்டது. கூப்பிட்டது யார்? அந்தக் குரல் கோகிலாவுடையது இல்லை. ஏனுங் என்று அவரைக் கூப்பிட இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? செல்லாத்தாள் போய் இரண்டு வருஷம். அவள் காபிக்குக் கூப்பிட்ட காலை எந்த வருஷத்துக் காலையோ. அதை எடுத்து இன்றைக்குக் காலையில் ஒட்டி வைத்துக்கொண்டு, இறக்கியாச்சு இறக்கியாச்சு என்று நாள் முழுக்கச் சுத்தியல் அடித்திருக்கிறார். மறந்து தொலைத்தால்கூடப் பரவாயில்லை, மறக்காதவன் எவன்? இது மறதி இல்லை. நடக்காததை நடந்தது என்று பார்த்த கண் இது, கேட்ட காது இது. அவருக்குப் பயமாக இருந்தது. அறுபத்தெட்டு வயசில், சொந்த வீட்டு வாசலில், சொந்தக் காரில், அம்மா என்று கத்த வேண்டும்போலப் பயமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. கையை லீவரில் வைத்து, சத்தம் வராமல் பட்டனை அமுக்கி, மெதுவாக இறக்கினார். பின்னால் டிரம்முக்குள் ஏதோ களுக்கென்று விட்டுக்கொடுத்தது.

நிமிர்ந்தால் கதவுக்குப் பக்கத்தில் பூபதி, கையில் மோர் டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. "மோருங்க மாமா" என்றான். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. பூபதி வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எட்டு மணிக்கே பாத்தனுங்க. சொல்லத்தான் வந்தேன். நீங்க சொல்ல விடலீங்க. பத்து மணிக்கும் வந்தேன்." நாச்சிமுத்து மோரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் கறிவேப்பிலை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. "பரவால்லீங்க மாமா, யாருக்கும் மறக்கறதுதான். கோகிலாவுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். எண்ணெ ஊறி வந்துருச்சுன்னு சொல்லிக்கலாம். ஒரு தட்டுத் தட்டுங்க, வந்துரும்." அட பாவி. அட பல்லுபுடுங்கி. இவன் திட்டியிருக்கலாம். காலைல இருந்து என்னப் போட்டுப் பேசினீங்களே, இப்ப என்ன சொல்றீங்கன்னு கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் அவரும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பார். இவன் மன்னிக்கிறான்! அவர் வாயைத் திறந்தாலே ஊரே ஒதுங்கி நிற்கும், சரி, அதனால்தான் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் இவன் திரும்பிப் போனான் என்றால், அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன கிழித்தார்? வாத்தியாராம். மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். டிரம்முக்கு முன்னால் போய் உட்கார்ந்தார், மடங்காது என்ற முட்டி மடங்கியது. ரப்பர் சுத்தியலை எடுத்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தட்டினார். விளிம்பில் துரு பொடியாக உதிர்ந்தது. மூன்றாவது தட்டுக்கு டிரம் நகர்ந்தது, நாலாவதுக்குக் கையோடு வந்துவிட்டது.

"வந்துருச்சு!" என்று பூபதிதான் முதலில் கத்தினான், நிஜமாகவே சந்தோஷப்படுகிறவன்போல. கோகிலா கரண்டியோடு ஓடி வந்தாள். "அட, கழட்டிட்டீங்களாப்பா! நான் வரவே வராதுன்னு நெனச்சேன். உங்கள மாதிரி வருமுங்களா!" அவள் முகத்தில் இருந்தது பொய்யில்லை, அப்பா ஜெயித்துவிட்டார் என்கிற நிம்மதிதான் இருந்தது, ஐந்து மாசமாக அவளும் என்னவெல்லாம் நினைத்துப் பயந்திருப்பாளோ. மிருதுளா புதுப் பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டே வந்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே ஏறி, டிரைவர் சீட்டைத் தாண்டிப் பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு இங்கதான் உக்காருவேன். தாத்தா, நீங்க வேகமா ஓட்டுவீங்களா?" பை சீட்டில் இடித்ததால் அவள் சாய முடியாமல் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தாள், கால் தரைக்கு எட்டவில்லை. நாச்சிமுத்து டிரம்மை இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றார். இதைத்தானே கேட்டார். ஓட்டிக் காட்ட வேண்டும், கேட்டைத் தாண்ட வேண்டும், எல்லாரும் பார்க்க வேண்டும். கிடைத்துவிட்டது. சும்மா இருந்தால் போதும், பல்லுபுடுங்கி காட்டிக்கொடுக்கமாட்டான், நாளைக்குக் காலை எட்டு மணிக்குச் சாவி கையில். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நாலு சிக்னல். நாலிலும் பச்சை வரும். ஏதோ ஒன்றில் அவர் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இந்தக் கால் ஆடிக்கொண்டிருக்கும். அதுகூடப் பரவாயில்லை, நின்றுவிடுவார். நிற்காமல், பச்சை வந்துவிட்டது என்று அவர் கண்ணே அவரிடம் சொன்னால்? டிரம் கையில் கனத்தது. வாய் தானாகத் திறந்தது, அவருக்குத் தெரிந்த ஒரே மாதிரியில்தான் வார்த்தையும் வந்தது. "ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டு எந்த மடையனாவது அஞ்சர மணி நேரம் டிரம்ம அடிப்பானா?" கோகிலா சிரித்தாள். "யாரப்பா அது, உங்க ஸ்டூடண்டா?" மிருதுளாவும் சிரித்தாள். பூபதி சிரிக்கவில்லை, வேண்டாம் என்று அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"நான்தான் கண்ணு" என்றார் நாச்சிமுத்து, கோகிலாவைப் பார்த்து. "எறக்கீட்டேன்னு நெனச்சுட்டேன். மறந்துட்டேன்னு சொன்னாக்கூடப் பொய்யி. எறக்குனது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்குது. அப்ப உங்கம்மா காபிக்குக் கூப்புட்டா. இன்னைக்குக் காலைல. கேட்டுது எனக்கு." கோகிலாவின் கையிலிருந்த கரண்டி கீழே இறங்கியது. அவர் டிரம்மைச் சாக்கின் மேல் வைத்தார். பிறகு முன்சீட்டுப் பக்கம் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "எறங்கு சாமி. தாத்தா ஓட்டமாட்டேன்" என்றார்.